எடை குறைந்து பிறந்த குழந்தையை நெஞ்சோடு கட்டி வளர்ப்பது எப்படி?

குழந்தை இன்னும் 2 கிலோகூட எட்டவில்லை, ஆனால் நன்றாகப் பால் குடிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் வார்மர் இல்லையே, இந்தப் பிஞ்சை எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று கண்கலங்கும் அம்மாக்களை எங்கள் வார்டில் நிறையப் பார்க்கிறேன். பயப்படாதீர்கள். குழந்தைக்கு வேண்டிய சூட்டை உங்கள் உடம்பே கொடுக்கும், அதை முறையாகக் கொடுக்கத் தெரிந்தால் போதும்.

2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, அதனால் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். குடிக்கிற பாலெல்லாம் சூட்டைத் தக்கவைக்கவே செலவாகிவிட்டால் எடை எப்படி ஏறும்? 1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டவைத்தார். கங்காரு பராமரிப்பு என்கிற இந்த முறை அங்கே தொடங்கியதுதான். வசதி இல்லாத இடத்துக்கான மாற்று வழி என்று இதை நினைக்க வேண்டாம். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்ததில், முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைந்தது.

சரி, எப்படிக் கட்டுவது? முன்பக்கம் திறக்கும் நைட்டி அல்லது சட்டை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளாடை வேண்டாம். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், டயப்பர் மட்டும் போதும், சட்டை போட்டால் தோலோடு தோல் ஒட்டாது. இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, தாடை லேசாக மேலே தூக்கியபடி இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் மடிந்து புதைந்தால் மூச்சுப்பாதை அடைபடும், இந்த ஒரு விஷயத்தை அடிக்கடி குனிந்து பாருங்கள். கைகால்கள் தவளை மாதிரி மடங்கி விரிந்திருக்கட்டும். பிறகு மெல்லிய பருத்திப் புடவையாலோ துப்பட்டாவாலோ சுற்றிக் கட்டுங்கள், துணியின் மேல் ஓரம் குழந்தையின் காதுக்குக் கீழே வரட்டும், மூச்சுவிட வயிறு அசைய இடம் இருக்கட்டும்.

ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள், எடுத்து எடுத்து வைத்தால் குழந்தை அலுத்துவிடும். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் அதற்கும் மேலே வைத்திருங்கள். படுப்பதானால் தலையணைகளை அடுக்கி, பாதி சாய்ந்த மாதிரி படுங்கள், மல்லாந்து தட்டையாக வேண்டாம்.

“பச்சை உடம்புக்காரி, எந்நேரமும் பிள்ளையைக் கட்டிக்கிட்டே கிடந்தா இடுப்பு என்னத்துக்காகும்?” என்று ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். “நீங்களும் கட்டிக்கலாம் பாட்டி, வாங்க” என்று உட்காரவைத்தேன். ரவிக்கையைத் தளர்த்தி, பேத்தியை நெஞ்சில் போட்டு, மேலே தன் பழைய சுங்குடிச் சேலையைச் சுற்றிக்கொண்டார். பத்து நிமிடத்தில் குழந்தை தூங்கிவிட்டது. பாட்டி ஒரு கையால் பேத்தியின் முதுகைத் தாங்கியபடி அசையவே இல்லை, கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அப்பாவும் செய்யலாம். சிசேரியன் ஆன அம்மாவுக்கு இது பெரிய உதவி. கை கழுவியிருக்க வேண்டும், சளி காய்ச்சல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பால் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது கொடுங்கள், இந்தக் குழந்தைகள் பசித்து அழுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. சப்பிக் குடிக்கச் சக்தி இல்லையென்றால் பாலைப் பீய்ச்சி, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் கொடுங்கள் (நம் பாலாடை இன்று இந்தியா முழுக்க நர்சிங் பாடத்தில் அதே பெயரில் இருக்கிறது). பாலாடையைக் கழுவி, தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு எடுங்கள். குழந்தை விழித்திருக்கும்போது மடியில் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்துச் சில சொட்டு விடுங்கள், விழுங்கிய பிறகு அடுத்தது. பாட்டில் வேண்டாம். பீய்ச்சிய பாலை வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், மூக்கில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை எதுவும் இந்தக் குழந்தைக்கு ஆகாது. தொப்புளில் ஒன்றும் தடவாதீர்கள். தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டுவதை எடை ஏறும்வரை தள்ளிப்போடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சூடு சரியாக இருக்கிறதா என்று அறிய, புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் ஏற ஆரம்பித்துவிட்டது, உடனே நெஞ்சோடு கட்டுங்கள். இரண்டுமே சில்லிட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், போகும்போதும் கட்டியே கொண்டுபோங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 தடவைக்குமேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கையில் நெஞ்சு உள்ளே குழிவது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ், காய்ச்சல் என எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அம்மாவுக்கும் ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனைகிற மாதிரி ரத்தம் போனாலோ, கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அதே அவசரம்தான்.

எத்தனை நாள் இப்படி? ஏறக்குறைய 2,500 கிராம் ஆகும்வரை. அதைக் குழந்தையே காட்டிவிடும். கட்டுக்குள் நெளியும், கையை வெளியே நீட்டும், காலால் உதைத்துக்கொண்டு இறங்கப் பார்க்கும். அப்போது அவிழ்த்துவிடலாம்.