திருவனந்தபுரம் விழாவுக்குக் கிளம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் சினிமா கனவோடு இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டிசம்பர் தோறும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போகிறோம். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த பிசகுகளையே ஒவ்வொரு புது செட்டும் வரிசை மாறாமல் செய்கிறது. பாஸை ரூமில் வைத்துவிட்டு வருவது, சார்ஜரை மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரயிலை அசட்டையாக விடுவது

விழா நடக்கும் மாதம்தான் சபரிமலை சீசனும். கேரளா போகும் வண்டியெல்லாம் மாலை போட்ட சாமிகளால் நிறைந்துவிடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே போட்டுவிடுங்கள். சென்ட்ரலில் ராத்திரி மெயில் ஏறினால் இறங்கும்போது மறுநாள் மதியம் நெருங்கிவிடும். காலைக் காட்சிகள் போயிருக்கும். ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

ஊருக்கு வெளியே ரூம் போடுவது

தம்பானூரில் போடுங்கள். ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள் எல்லாம் அங்கேயே.

மைக்கை வாங்கித் தன் கதையைச் சொல்வது

எத்தனை முறை சொல்லியும் மாறாதது இது.

படம் முடிந்ததும் இயக்குநர் மேடைக்கு வருவார். அடுத்த காட்சிக்கு வெளியே கூட்டம் நிற்கும், எனவே கிடைப்பதே பத்துப் பதினைந்து நிமிடம். அவர் ஸ்பானிஷோ பாரசீகமோ பேசுபவர் என்றால் மொழிபெயர்ப்பில் பாதி போய்விடும். அந்த நேரத்தில் நம் பையன் ஒருவன் மைக்கை வாங்கினான். தான் சென்னை என்றான், தானும் குறும்படம் எடுத்திருப்பதாகச் சொன்னான், வடசென்னையை யாருமே சரியாகக் காட்டவில்லை என்றான். ஒருங்கிணைப்பாளர் கையைக் காட்டிய பிறகுதான் கேள்வி வந்தது: “இளம் இயக்குநர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது?”

“படம் எடுங்கள்” என்றார் அவர். நேரம் முடிந்துவிட்டது.

“பாத்தீங்களாண்ணா, எனக்கே பதில் சொன்னாரு!” என்று பையன் வெளியே வந்து குதித்தான். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பல வருடம் அந்த மனிதரின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தவர்கள் அந்த அரங்கில் இருந்தார்கள். அவர் அவ்வளவு தூரம் வந்தது தன் வேலையைப் பற்றிப் பேச. அதைப் பேசவே விடாமல் அனுப்பினோம்.

இன்னொரு விழாவில் மீன்பிடித் துறைமுகம் பற்றிய படம் ஒன்று. காசிமேட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, பேர்கூடச் சொல்லாமல், தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்: வலை இழுக்கும் காட்சியில் இன்ஜின் சத்தம் அங்கேயே பதிவு செய்ததா, பிறகு சேர்த்ததா? இயக்குநர் சட்டென்று நிமிர்ந்தார். திரையில் தெரியும் படகின் இன்ஜின் சரியாக ஒலிக்கவில்லை, வேறொரு படகில் போய்த் தனியாகப் பதிவு செய்தோம் என்று ஆரம்பித்து, அந்த ஒரு காட்சிக்கே மிச்ச நேரத்தைக் கொடுத்தார். அப்புறம் லாபியில் அவரே அவளைத் தேடி வந்து, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். அப்பா போட்டுக்குப் போகிறவர், சுமை ஏறும்போது இன்ஜின் சத்தம் மாறும், படத்தில் மாறவில்லை என்றாள். இருவரும் டீ ஆறிப்போகும் வரை நின்று பேசினார்கள். வடசென்னையைப் பற்றி அவள் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவள் ஊர்க்காரிதான் கேட்டிருக்க முடியும்.

கேள்வியை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். 2022இல் வாழ்நாள் சாதனை விருது வாங்க ஹங்கேரி இயக்குநர் பேலா டார் இந்த விழாவுக்கு வந்தார். 2011இல் வந்த படத்தோடு கதைப்படம் எடுப்பதை நிறுத்தியவர். அப்படிப்பட்டவரிடம் ‘ஏன் நிறுத்தினீர்கள்’ என்று கேட்டால் பேட்டிகளில் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கடைசிப் படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மொத்தமே சுமார் 30 ஷாட்தான். அதில் ஏதாவது ஒரு ஷாட்டைப் பிடித்து, கேமரா நகர்வை எப்படி ஒத்திகை பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தால் அது கேள்வி. ஒரு காட்சி, ஒரு முடிவு, இரண்டே வாக்கியம். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

தன் குறும்படப் பென்டிரைவை இயக்குநரிடம் நீட்டுவது

வேண்டாம். அவரே கேட்டால் ஒழிய.

ஓட்டமாய் ஓடிப் படம் பார்ப்பது

இருக்கை முன்பதிவு காட்சிக்கு முந்தைய நாளே ஆன்லைனில் திறக்கும், பெரிய படங்கள் நிமிடங்களில் தீரும். அந்தப் பதற்றத்தில் காலை முதல் ராத்திரி வரை இடைவெளியே இல்லாமல் பதிவு செய்துவிடுகிறார்கள். சாப்பாடு இல்லை, நாலாவது படத்தில் தூக்கம். மாலையில் டாகூர் தியேட்டர் வளாகத்தில் ஓபன் ஃபோரம் நடக்கும். அதற்காக ஒரு காட்சியை விடலாம், தப்பே இல்லை. வந்திருக்கும் இயக்குநர்களை அங்கே நிதானமாகக் கேட்கலாம்.

கடைசி நாள் மதியம் ஊருக்கு வண்டி ஏறுவது

விழாவின் சிறந்த படத்துக்கான விருது, சுவர்ண சகோரம், யாருக்கு என்பது நிறைவு நாள் மாலையில்தான் தெரியும். ரிட்டர்ன் டிக்கெட்டை மறுநாளுக்குப் போடுங்கள்.