மஸ்ட், ஷுட், குட்: கடந்த காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் 'முடியும்', 'வேண்டும்', 'கூடும்' போன்ற பொருள் தரும் துணைவினைதான் மோடல் வெர்ப். நிகழ்காலத்தில் அது அவ்வளவாகத் தொல்லை தராது. 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' எதுவானாலும் பின்னால் வினையின் முதல் வடிவத்தைப் போட்டால் சரி. 'ஷீ மஸ்ட் கோ' என்பதில் 'கோஸ்' வராது, நடுவில் 'டு'வும் வராது. கடந்த காலத்தைச் சொல்லும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள்.

'ஹீ மஸ்ட் லெஃப்ட்' என்று வினையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பது அடிக்கடி பார்க்கும் தவறு. இடையில் 'ஹேவ்' வேண்டும், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம்: 'ஹீ மஸ்ட் ஹேவ் லெஃப்ட்'. எழுவாய் 'ஹீ' என்பதற்காக அது 'ஹேஸ்' ஆகாது. வேகமாகப் பேசும்போது இந்த 'ஹேவ்' தேய்ந்து 'ஆஃப்' (of) போலக் காதில் விழும். எழுதும்போது 'ஹேவ்' என்றே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. 'அவர் நேற்றே கிளம்பியிருக்க வேண்டும்' என்கிறோம். பூட்டிய கதவைப் பார்த்துச் சொன்னால் அது ஊகம். இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொன்னால் அது குறை. தமிழில் ஒரே வாக்கியம் இரண்டுக்கும் போதும், இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ் லெஃப்ட்', குறைக்கு 'ஷுட் ஹேவ் லெஃப்ட்'. மாற்றிப் போட்டால், கிளம்பாதவர் கிளம்பிவிட்டதாக ஆகிவிடும்.

கட்டாயம் இன்னொரு வகை. 'நேற்று சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது' என்பதற்கு 'ஐ ஹேட் டு லீவ் எர்லி' என்றுதான் சொல்ல வேண்டும். மேலதிகாரிக்கு அனுப்பும் மெயிலில் 'ஐ மஸ்ட் ஹேவ் லெஃப்ட் எர்லி' என்று எழுதினால், எப்போது கிளம்பினோம் என்பதே நினைவில்லாமல் நீங்களே ஊகிப்பது போல இருக்கும்.

ஊகத்தின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சாவி மேசையிலேயே கிடக்கிறது, அவர் கிளம்பியிருக்கவே முடியாது என்றால் 'ஹீ கான்ட் ஹேவ் லெஃப்ட்'. அவ்வளவு உறுதி இல்லையா? 'மைட் ஹேவ் லெஃப்ட்' போதும்.

அப்புறம் 'குட்'. முன்பு பொதுவாக இருந்த திறமைக்கு இது பொருந்தும்: 'ஐ குட் ஸ்விம் அட் ஃபைவ்'. ஆனால் குறிப்பிட்ட ஒரு தடவை ஒன்றைச் செய்து முடித்ததைச் சொல்ல 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும். 'யெஸ்டர்டே ஐ குட் ஃபினிஷ் த ரிப்போர்ட்' தவறு. முடியவில்லை என்று சொல்வதற்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, 'குடன்ட்' எங்கும் செல்லும்.

இதில் 'ஹேவ்' சேர்ந்தால் பொருள் தலைகீழாகிவிடும். நேர்முகத் தேர்வில் 'ஐ குட் ஹேவ் ஃபினிஷ்ட் த ப்ராஜெக்ட்' என்று சொன்னால், முடிக்க வாய்ப்பிருந்தும் முடிக்கவில்லை என்றே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். முடித்திருந்தால் 'ஐ ஃபினிஷ்ட் இட்' என்று நேராகச் சொல்லுங்கள்.