பேனல் பெட்டியில் ஷாக் சென்சார்: பொய் அலாரம் நின்றது இப்படித்தான்

திருட்டு அலாரம் பேனலின் (அலாரத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு இருப்பது) இரும்புப் பெட்டிக்கு டேம்பர் சுவிட்ச் மட்டும் போதாது. கதவைத் திறந்தால்தான் அது கத்தும். திருடன் பெட்டியில் டிரில் போட்டால் கண்டுகொள்ளாது. அதனால் உள்ளே அதிர்வை உணரும் ஷாக் சென்சார் வைத்தேன். முதல் வாரமே ராத்திரியெல்லாம் பொய் அலாரம்.

தப்பு என்மேல்தான். கதவுத் தகட்டின் நடுவில் டபுள் டேப்பால் ஒட்டியிருந்தேன். மெல்லிய தகடு மேளத்தோல் மாதிரி, பக்கத்து ஷட்டர் இறங்கினாலே அதிரும்.

கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டில் மூலையை ஒட்டி ஸ்குரூவால் இறுக்கினேன். (துளை போடும் முன் போர்டை வெளியே எடுத்துவிடுங்கள், இரும்புத்தூள் விழுந்தால் போச்சு.) சென்சிட்டிவிட்டியை அடிமட்டத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் கதவை மூடி, ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டித் தட்டிக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றினேன். கதவு திறந்திருக்கும்போது செட் பண்ணினால் கணக்குத் தப்பும்.

சென்சார் வயரை டேம்பரோடு சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்து, அலாரம் ஆஃப்பில் இருந்தாலும் விழித்திருக்கும் 24 மணிநேர ஜோனுக்குக் கொடுத்தேன். அதற்குப்பின் பொய் அலாரம் இல்லை.