சோக்செர்ரி: வெட்டிய கிளையை எங்கே போடுகிறீர்கள்?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் காட்டோரம், ரயில் பாதையோரம், கைவிடப்பட்ட வயல்களின் வேலியோரம் என்று எங்கும் சோக்செர்ரி என்ற காட்டுச் செர்ரிப் பழம் கறுக்கத் தொடங்கிவிடும். ஆண்டுதோறும் புதிதாக நாலு பேர் வாளியும் கையுமாக வருகிறார்கள். பழைய ஆட்கள் தொடக்கத்தில் எங்கெங்கே சறுக்கினோமோ, குறி வைத்தாற்போல் அங்கேயே சறுக்குகிறார்கள். சட்டையில் கறை படும், கொசு பிடுங்கும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது முதல் நாளே தெரிந்துவிடும்.

சிவப்பைப் பார்த்ததும் பறிப்பது

சிவந்த பழத்தை வாயில் போட்டால் கடுக்காயைக் கடித்தாற்போல் நாக்கு இழுத்துக்கொள்ளும். கறுப்பை எட்டும்வரை பொறுங்கள். ஜெல்லி காய்ச்சுகிறவர்கள் மட்டும் ஒரு கைப்பிடி சிவப்புப் பழம் சேர்த்துக்கொள்ளலாம், இறுகுவதற்கு உதவும்.

கறுத்ததெல்லாம் செர்ரி என்று நம்புவது

ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே வேலி வேலியாகப் பரவிவிட்ட பக்தார்ன் புதரும் இதே பருவத்தில் இதே அளவில் கறுப்புப் பழம் தரும். தின்றால் வயிறு பிய்த்துக்கொண்டு போகும். ஒரு பழத்தை நசுக்கிப் பாருங்கள். செர்ரி என்றால் உள்ளே உருண்டையாக ஒரே கொட்டை. பக்தார்னில் மூன்று நான்கு விதைகள். அதன் குச்சி நுனியில் பெரும்பாலும் சிறு முள் இருக்கும், இலை நரம்புகள் நுனியை நோக்கி வளைந்து போகும்.

செர்ரிகளுக்குள் ஒன்றை ஒன்றாக நினைத்துவிட்டால் குடி முழுகிப்போகாது, சதை எல்லாவற்றிலும் உண்ணத்தக்கதுதான். ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பின் செர்ரியில் நீண்ட காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும், பழம் பளிச்சென்று சிவப்பு. சோக்செர்ரியும் பிளாக் செர்ரியும் சரமாகக் காய்ப்பவை. இரண்டில் எது என்று சந்தேகமா? பழத்தின் அடியைப் பாருங்கள். பூவின் புல்லிவட்டம் சின்னக் கிண்ணம்போல் அங்கேயே ஒட்டியிருந்தால் பிளாக் செர்ரி. இலையைத் திருப்பினால் நடு நரம்பின் இரு பக்கமும் துரு நிறத்தில் மெல்லிய ரோமம் தெரியும். சோக்செர்ரியில் புல்லிவட்டம் உதிர்ந்துவிடும், நரம்பும் பெரும்பாலும் வழவழவென்றிருக்கும்.

கொட்டையோடு மிக்ஸியில் அடிப்பது

கூடாது. பருப்பில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, கத்தி அதை உடைத்துச் சாற்றில் கலந்துவிடும். பழம் மூழ்கத் தண்ணீர் விட்டு, மெல்லிய தீயில் கால் மணி நேரம் வேகவைத்து, மத்தால் பதமாக மசித்து, துணியில் வடிகட்டுங்கள்.

"வட அமெரிக்கப் பழங்குடிகளான லக்கோட்டா மக்கள் கொட்டையோடுதானே இடித்துத் தின்றார்கள்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உண்மைதான். கல்லில் இடித்து, வடை வடையாகத் தட்டி, வெயிலில் காயவைத்தார்கள். உலர்ந்த இறைச்சியோடும் கொழுப்போடும் சேர்த்துச் செய்த வஸ்னாவில் அதுவும் சேரும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே ஆவியாகிவிடக்கூடியது. இடித்ததைக் காற்றிலும் வெயிலிலும் காயப்போடும்போது விஷத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. இடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, காயவைப்பதை விட்டுவிட்டு, பச்சையாக ஸ்மூத்தி குடிக்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு ஏது?

வெட்டிய கிளையை ஆட்டுக்குப் போடுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு கோடைப் புயலில் வேலியோரத்து பிளாக் செர்ரியின் பெரிய கிளை முறிந்து விழுந்தது. ஆட்டுப்பண்ணை தொடங்கிய புதிதிலிருந்த ஒரு தம்பி, கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், அதை அறுத்து ஓரமாகப் போட்டார். மறுநாள் இலை துவண்டிருந்தது. வீணாகப் போவானேன் என்று பட்டிக்குள் இழுத்துப் போட்டுவிட்டார். ஆடுகள் விழுந்து விழுந்து தின்றன. சற்று நேரத்தில் மூச்சிரைத்து, கால் தள்ளாடி, வாயில் நுரையோடு மூன்று சாய்ந்துவிட்டன. கால்நடை மருத்துவர் வந்து சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "மரத்தில் இருந்தபோது இதே இலையைத்தானே எட்டி எட்டிக் கடித்தன, அப்போது ஒன்றும் ஆகவில்லையே அண்ணே?" என்றார் அந்தத் தம்பி. இந்தக் கேள்வியை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டாயிற்று!

அப்போது கடித்தது ஒன்றிரண்டு வாய். பச்சை இலையில் புரூனாசின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. இலை வாடும்போதும், நசுங்கும்போதும், உறைபனி படும்போதும் நடுச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. ஆடு மாடுகளின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மேலும் விரைவுபடுத்தும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடலின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாமல் போய்விடுகிறது. அதனால்தான் செத்த ஆட்டின் இரத்தம் பளீரென்ற சிவப்பாக இருக்கும். மாற்று மருந்து உண்டு, ஆனால் உடனே செலுத்தினால்தான் பலன். பண்ணைக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள தூரத்துக்கு விஷம் காத்திருப்பதில்லை.

அறுத்த தாளிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புச் சோளத்தில் மாட்டை விடக்கூடாது என்று அவருடைய ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே கொல்வதும் இதே விஷம்தான். சொன்னதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு எரிச்சல் அவர்மேல்கூட இல்லை. மரம் கழிக்கவென்று கூலிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்மேல்தான். என்ன மரம் என்று பார்ப்பதில்லை. வெட்டியதை மேய்ச்சல் வேலிமேல் சாய்த்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். செர்ரி இனத்தில் எதை வெட்டினாலும் கிளையை அன்றைக்கே மேய்ச்சல் நிலத்தைவிட்டு அப்புறப்படுத்துங்கள். புயல் அடித்த மறுநாள் காலையில் வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆட்டைத் திறந்துவிடுங்கள். முதல் உறைபனிக்குப் பிறகும் அப்படியே. நன்றாகக் காய்ந்து சருகானால் வீரியம் குறையும் என்பது உண்மை. அதை நம்பி ஆட்டை விடாதீர்கள்.

பயந்துபோய் மரத்தையே சாய்ப்பது

2001 வசந்தத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலக் குதிரைப் பண்ணைகளில் சினைக் குதிரைகள் வரிசையாகக் கருக்கலைந்தன. முதலில் பழி விழுந்தது பிளாக் செர்ரியின் சயனைடுமேல். பல இடங்களில் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். ஆராய்ந்தபோது, அந்த மரங்களில் கூடாரம்போல் வலை பின்னி வாழும் கம்பளிப்புழுக்களைப் புல்லோடு சேர்த்து மேய்ந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. மரத்தை வையுங்கள், ஆட்டைத் தள்ளிக் கட்டுங்கள். பறவைகளுக்கும் நூற்றுக்கணக்கான அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களுக்கும் இந்த மரம் சாப்பாடு போடுகிறது.

வசந்தத்தில் விதைப்பது

முளைக்காது. சில மாதங்கள் ஈரக் குளிர் பட வேண்டும். இலையுதிர் காலத்திலேயே மண்ணில் போட்டுவிடுங்கள்.

வீட்டுச் சுவரோரம் சோக்செர்ரி நடுவது

வேரிலிருந்து கன்று கிளம்பிக்கொண்டே இருக்கும். இடம் இருந்தால் மட்டும்.

கரும்முடிச்சைக் கோடையில் வெட்டுவது

கிளையில் கரி பூசினாற்போல் கரடுமுரடாக வீங்கி நிற்பது ஒரு பூஞ்சை நோய். இலை உதிர்ந்த குளிர்காலத்தில்தான் முடிச்சுகள் முழுதாகக் கண்ணில் படும். வீக்கத்துக்குக் கீழே பத்து சென்டிமீட்டராவது தள்ளி வெட்டுங்கள், வசந்தத்துக்கு முன்பே எரித்துவிடுங்கள். வெட்டிக் குவித்த முடிச்சிலிருந்தும் பூஞ்சை வித்துகள் பறக்கும்.