அமெரிக்கக் கருத்துக்கணிப்பை எப்படிப் படிப்பது?

அதிபர் தேர்தல் நெருங்கிவிட்டால் தினமும் ஒரு கருத்துக்கணிப்பு வரும். நான் முதலில் பார்ப்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விவரத்தைத்தான். யாரைக் கேட்டார்கள்? வாக்காளராகப் பதிவு செய்த எல்லோரையுமா, ஓட்டுப் போட வருவார்கள் என்று கணித்தவர்களை மட்டுமா? அங்கே பதிவு செய்தும் ஓட்டுப் போடாதவர்கள் ஏராளம். அதனால் முடிவே மாறும்.

அப்புறம் பிழை வரம்பு. ஆயிரம் பேரிடம் கேட்டால் ஒருவரின் ஆதரவு சுமார் 3 சதவீதப் புள்ளி கூடலாம், குறையலாம். வேட்பாளர்கள் இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆகவே 48க்கு 45 என்றால் யார் முந்துகிறார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, தேசியக் கணிப்பை ஓரமாக வையுங்கள். அதிபரை முடிவு செய்வது நாடு முழுக்க வாங்கும் மொத்த ஓட்டு அல்ல, மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள்; பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் ஜெயித்தவருக்கே அதன் தேர்வாளர் வாக்குகள் எல்லாம். ஜெயிக்கத் தேவை அப்படிப்பட்ட 538 வாக்குகளில் 270. 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றார். விஸ்கான்சின் மாநிலக் கணிப்புகள் அவரைத்தான் முன்னால் காட்டின. அங்கே டிரம்ப் 23,000க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஆண்டு பல மாநிலக் கணிப்புகளில், டிரம்பை அதிகம் ஆதரித்த கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களின் பங்கு குறைந்துபோயிருந்தது. ஆகவே கல்வித் தகுதிக்கு ஏற்பக் கணக்கைச் சரிசெய்தார்களா என்று தேடுங்கள். அதைச் சொல்லாத கணிப்பை நான் நம்புவதில்லை.