லேப்டாப் ஃபேன் இரைச்சலையும் சூட்டையும் குறைக்கும் வழிகள்

வேர்டில் தட்டச்சு செய்யும்போதே ஃபேன் இரைகிறது என்றால், பிராசஸர் தேவைக்கு மேல் உழைக்கிறது அல்லது அதன் சூடு வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. எது என்று தெரிந்துகொள்ள ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறவுங்கள். சிபியு (அதாவது பிராசஸர்) வெப்பநிலை, அது செலவழிக்கும் மின்சாரத்தை வாட் கணக்கில் காட்டும் சிபியு பேக்கேஜ் பவர் ஆகிய இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, பிரவுசர் வேலையில் 55 முதல் 75, கனமான வேலையில் 90ஐத் தொடுவது இயல்புதான். 95 முதல் 105 டிகிரிக்குள் பெரும்பாலான பிராசஸர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 5 வாட் மட்டும் செலவாகும்போதே 80 டிகிரி நீடித்தால் தூசி, காய்ந்த பேஸ்ட் (சிப்பின் சூட்டை அதன் மேலுள்ள உலோகத்துக்குக் கடத்தும் பசை) என்று சந்தேகப்படுங்கள். 20 வாட் செலவாகி 80 காட்டினால் ஏதோ ஒரு புரோகிராம் பின்னணியில் ஓடுகிறது.

அதைப் பிடிக்க கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு தலைப்பைச் சொடுக்குங்கள். அதிகம் இழுப்பது மேலே வந்து நிற்கும். விண்டோஸ் அப்டேட் முடிந்த கையோடு, ஃபைல்களைத் தேடலுக்காகப் பட்டியலிடும் இண்டெக்ஸிங்கும் வைரஸ் ஸ்கேனும் ஓடினால் விட்டுவிடுங்கள், தானாக அடங்கும். யூடியூப் பார்க்கும்போது மட்டும் இரைந்தால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு எனும் கிராஃபிக்ஸ் சிப்பின் 'வீடியோ டீகோட்' வரைபடத்தைக் கவனியுங்கள். வீடியோ ஓடியும் அது பூஜ்யத்தில் கிடந்தால் மொத்தச் சுமையும் சிபியு தலையில்தான். பிரவுசரில், வீடியோ வேலையை ஜிபியுவிடம் விடும் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை ஆன் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஏவி1 என்ற வீடியோ வடிவம் காரணமாக இருக்கலாம். 11ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் லேப்டாப் சிப்களில் அதற்கான டீகோடர் இல்லை. பிரவுசரில் ஹெச்264இஃபை போன்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் யூடியூப் ஹெச்.264 வடிவத்தில் வரும். 1080பிக்கு மேல் தரம் கிடைக்காது, ஆனால் ஃபேன் அமைதியாகிவிடும்.

ஃபேன் அடிக்கடி ஏறி இறங்குவதற்கு, பிராசஸர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ பூஸ்ட்தான் முக்கியக் காரணம். ஒரு டேப் திறந்தாலே இன்டெல்லின் கோர் ஐ5 9300ஹெச் பிராசஸர் தன் அடிப்படை வேகமான 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.1 கிகாஹெர்ட்ஸ்வரை தாவும். வேகத்தோடு வோல்டேஜும் ஏறுவதால், கூடும் வேகத்தைவிடக் கூடும் சூடு அதிகம். முதலில் விண்டோஸ் 11 செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி போய், பவர் மோடை 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' ஆக்குங்கள். பல லெனோவோ மாடல்களில் எஃப்என் உடன் க்யூ, பல ஆசுஸ் மாடல்களில் எஃப்என் உடன் எஃப் அழுத்தினால் சத்தம் குறைந்த மோடு வரும்.

அதுவும் போதாவிட்டால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், பிராசஸர் பவர் மேனேஜ்மென்டுக்குள் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்'டை 100இலிருந்து 99 சதவீதமாக்குங்கள். அந்த ஒரு சதவீதம் டர்போவையே நிறுத்திவிடும். 9300ஹெச் போல அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவற்றுக்கே இது பொருந்தும். ஐ5 1235யுவின் அடிப்படை வேகம் 1.3தான், அதில் 99 வைத்தால் பிரவுசரே தடுமாறும். அப்படிப்பட்ட சிப்களுக்கும், இந்த வரியே தென்படாத லேப்டாப்களுக்கும் பவர் மோடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபேனை நேரடியாக அடக்கும் மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். லேப்டாப் ஃபேனை ஓட்டுவது எம்பெடட் கண்ட்ரோலர் என்ற தனிச் சிப், அது மாடலுக்கு மாடல் மாறும். ஸ்பீட்ஃபேன் போன்றவை பெரும்பாலான லேப்டாப்களில் ஃபேனையே காணாது. பழைய திங்க்பேடு பலவற்றுக்கு டிபிஃபேன்கண்ட்ரோல் உண்டு. ஹெச்பியில் சார்ஜர் செருகியதும் ஃபேன் நிற்காமல் சுற்றினால், ஆன் செய்யும்போது எஃப்10 அழுத்தி, பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் 'ஃபேன் ஆல்வேஸ் ஆன்' இருக்கிறதா பார்த்து டிஸேபிள் செய்யுங்கள்.

பல லேப்டாப்கள் 35 டிகிரி அறைச் சூடுவரை இயங்கத்தான் வடிவமைக்கப்பட்டவை. நம் ஊர் மே மாதம் அதைத் தாண்டிவிடும். அறை 5 டிகிரி சூடேறினால் சிபியுவும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மெத்தையில் வைக்காதீர்கள், அடியிலுள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். பின்பக்க ரப்பர் கால்களுக்கு அடியில் காலுக்கொரு தண்ணீர் பாட்டில் மூடி வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். கூலிங் பேட் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

தூசி எடுப்பதை வெளியிலிருந்து ஊதி முடிக்கப் பார்க்காதீர்கள். மூடியைக் கழற்றி ஃபேனைத் தூக்கினால், ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் உலோகத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போலத் தூசி படிந்திருக்கும். வெளியே இருந்து ஊதினால் அது ஃபேனுக்குள் போய்ச் சிக்கும். ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்கி, பிஹெச்0 ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். கழற்றியவற்றை ஒரு தாளில் அதே வரிசையில் வையுங்கள், நீளமானது தப்பான துளையில் போனால் மேல்பக்கத்தைத் துளைக்கும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

பேஸ்ட் மாற்ற, ஹீட் சிங்கில் பொறித்த எண்களின் தலைகீழ் வரிசையில் ஸ்க்ரூக்களைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப் மேல் அரிசி அளவு வைத்தால் போதும். மாட்டும்போது எண் வரிசைப்படி முறுக்குங்கள். பக்கத்துச் சிப்கள் மேலுள்ள தெர்மல் பேடை (சூடு கடத்தும் மெத்தென்ற பட்டையை) எறிந்துவிட்டு அங்கே பேஸ்ட் தடவாதீர்கள், அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போட்ட மாடல் என்றால் தொடவே வேண்டாம், சிந்தினால் ஷார்ட் ஆகும்.

இத்தனைக்குப் பிறகும் கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள்தான் தாங்கும். ஃபேன் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்துப் புதியது வாங்குங்கள். இரண்டு ஃபேன் உள்ள மாடலில் இடமும் வலமும் வேறு வேறு, எது என்று கேட்டு வாங்குங்கள்.