பருவமழைக்கு முன் ஸ்ட்ராபெரித் தொட்டிகள்

ஸ்ட்ராபெரிச் செடியைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்யும் வழிகாட்டிகள் பெரும்பாலும் உறைபனி விழும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை என்பதால், செடிமேல் வைக்கோலைப் பரப்பிக் குருத்தைக் காக்கச் சொல்கின்றன. இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது மிக அரிதான சிங்கப்பூரில், அதே வைக்கோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக் குருத்தை அழுகச் செய்துவிடும். இங்குள்ள தொட்டிச் செடி கடக்க வேண்டியது டிசம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை; அதற்கான வேலைகளை நவம்பர் இறுதிக்குள் முடித்துவிடுவது நல்லது.

முதலில் மண்ணைக் கவனிக்க வேண்டும். ஊற்றிய நீர் அடித்துளை வழியே விரைவில் வடியாவிட்டால், மண் இறுகியிருக்கும் அல்லது வேர் துளையை அடைத்திருக்கும். அத்தகைய செடியை வேர்க்கட்டோடு எடுத்து, தேங்காய் நார்த்தூளும், பெர்லைட் எனும் இலேசான வெண்ணிறக் கற்துகளும் தாராளமாகக் கலந்த மண்ணில் மாற்றி நடுங்கள். இலைக்காம்புகள் கிளம்பும் குருத்து மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், வேர் தெரியுமளவுக்கு உயர்ந்தால் காயும். வேறு எதில் அசட்டையாக இருந்தாலும் இதில் இருக்கக் கூடாது.

பழுத்த இலைகளையும் புள்ளி விழுந்த இலைகளையும் காம்போடு கத்தரித்தால் காற்றோட்டம் கூடும். சாம்பல் பூசணம் பரவுவதும் குறையும். தாய்ச்செடியிலிருந்து நீண்டு படரும் ஓடுதண்டுகள் அனைத்தையும் வெட்டிவிடாமல், நலமான ஒன்றிரண்டின் கணுவைச் சிறு தொட்டி மண்ணில் கொண்டை ஊசியால் பொருத்தி வைத்தால், சில வாரங்களில் வேர்விட்டுக் கன்றாகும். தாய்ச்செடி மழையில் போனாலும் கன்று மிஞ்சும். உரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் கேமரன் மலைக் குளிரில் காய்ப்பதைப் போன்ற விளைச்சலை இங்கே எதிர்பார்த்து உரத்தைக் கூட்டுவது வீண், இலைதான் பெருகும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் வளர்ப்போர் சாரல் படாத சுவரோரத்துக்குத் தொட்டியை நகர்த்தும்போது, தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதியை மறக்கலாகாது. தடுப்புச்சுவர்மேல் தொட்டி வைக்கும் எண்ணமே வேண்டாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் மட்டுமன்றி, இறுகிய மண்ணின் மேல் தேங்கும் நீரிலும் ஏடிஸ் கொசு பெருகும் என்பதால், தட்டை எடுத்துவிட்டு மேல்மண்ணை அவ்வப்போது கிளறிவிடுங்கள். ஸ்ட்ராபெரியின் வேர் மேலோட்டமானது, ஆகையால் குச்சியின் நுனி போதும்.

மழைநாள்களில் விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். பிப்ரவரியில் மழை குறைந்து காற்று வலுக்கும்போது சிறு தொட்டிகள் விரைந்து உலரும். அப்போது காலைதோறும் மண்ணைச் சோதித்து, இலைமேல் படாமல் அடியில் ஊற்றுங்கள்.